ஓரத்தில் எழுதியவர்கள்

ஆகஸ்ட் 4

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் மகள் படிக்கும் கல்லூரியில் நான் ஆசிரியை. அரசு அறிக்கைகள், தீர்ப்புகள் போன்றவற்றை எப்படி வாசிப்பது என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். உங்கள் மகள் பன்னிரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. விடுதியில் விசாரித்தேன், ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவள் போன் அணைந்து கிடக்கிறது. அலுவலகத்தில் இந்த முகவரி மட்டும்தான் இருந்தது. போன் எண் எழுதும் கட்டத்தில் நீங்கள் ஒரு கோடு போட்டிருந்தீர்கள்.

அவளுக்கு உடம்பு சரியில்லையா? வீட்டில் ஏதாவது பிரச்சினையா? அறுபத்து நான்கு பேர் இருக்கும் வகுப்பில், ஒரு வரி விடாமல் படிக்கிறவள் அவள் ஒருத்திதான். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.

வகுப்பில் சிறு வாக்குவாதம் ஒன்று நடந்தது. இந்த வயதில் இதெல்லாம் சகஜம். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாளோ என்று ஒரு சந்தேகம். அப்படியானால் நான் சரிசெய்கிறேன் என்று சொல்லுங்கள். ஒரு வரி பதில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் ஆசிரியை


ஆகஸ்ட் 9

ஆசிரியை அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா வீட்டில்தான் இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவள் அம்மா தைக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டால் திரும்புகிறாள். பேச்சுத்தான் இல்லை.

சிறு வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனைவி மூன்று நாள் பின்னாலேயே சுற்றிக் கேட்டபிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "அப்பாவ வகுப்புல வச்சுப் படிக்கறாங்கம்மா. ஆளாளுக்கு ஓரத்துல எழுதறாங்க" என்றாளாம். என் மனைவிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

பத்து வருஷத்துக்கு முன்னால் ரயில்வே கேட்டில் வேன் மீது சரக்கு ரயில் மோதி ஒன்பது பேர் செத்தார்களே, அந்த விசாரணை அறிக்கையைத்தானே பாடமாக வைத்திருக்கிறீர்கள்? அதில் வரும் கேட் கீப்பர் நான்தான். அதில் என் பெயர் இருக்காது. 'பணியில் இருந்த கடவுக் காப்பாளர்' என்று போட்டிருப்பார்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாமல் மிதித்தாலும் கால் கால்தான்.

எந்தெந்தப் பக்கங்களைக் கொடுத்தீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள். போன் செய்ய வேண்டாம். வீட்டில் போன் மணி அடித்தால் நான் எடுப்பதில்லை. அந்த ஊரையும் விட்டு, வேலையும் போய், இங்கே ஒரு மரக்கடையில் லாரி வந்தால் கேட் திறந்துவிடுகிறேன். விதி பாருங்கள், இங்கேயும் கேட்தான்.

பாப்பாவின் அப்பா


ஆகஸ்ட் 13

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது ஆசிரியர் அறையில் இருந்தேன். படித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சிறு வாக்குவாதம் என்று எழுதியது பொய். அப்போதே எனக்கு உறுத்தியது, ஆனாலும் எழுதினேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். நாங்கள் படிப்பதைத் தனித்தனியாகப் படிப்பதில்லை. கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் ஒரே பிரதி இருக்கும். ஒரு வரியைத் தொட்டு, அதன் ஓரத்தில் யார் வேண்டுமானாலும் குறிப்பு எழுதலாம். அந்தக் குறிப்புக்குக் கீழே அடுத்தவர் பதில் எழுதலாம். எழுதியவர் பெயர் பக்கத்திலேயே தெரியும். வீட்டில் ஒரு பக்கம்கூடப் புரட்டாத பிள்ளைகள், அடுத்தவன் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கவாவது படிப்பார்கள். மூன்று வருஷமாக இப்படித்தான் நடத்துகிறேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அறிக்கையில் முதல் எழுபது பக்கம் கொடுத்தேன். பின்னிணைப்புகளை வெட்டிவிட்டேன். நீளம் அதிகம், பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள் என்று.

உங்கள் மகள் என் அறைக்கு வந்து, "மேடம், நாலாம் பின்னிணைப்பையும் போடுங்க. கேட் போன் கெட்டுப்போச்சுன்னு அவர் நாலு தடவ எழுதிக் குடுத்த புகார் அதுலதான் இருக்கு" என்று கேட்டாள். நான் தலையைக்கூடத் தூக்காமல், "அது பரீட்சைக்கு வராதும்மா" என்றேன்.

பிறகு அவள் ஓரத்தில் தனியாக நின்று வாதாடினாள். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு குறிப்பு. 'தூங்கியிருப்பான்', 'குடித்திருப்பான்', 'ஒன்பது கொலை' என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். அவள் பின்னிணைப்பைச் சொன்னபோதெல்லாம், "அந்தப் பக்கம் எங்க? எங்க பிரதியில இல்லையே, நீயா எழுதிக்கிட்டியா?" என்று கேட்டார்கள். கடைசியில் ஒருவன், முதல் வரிசைக்காரன், கெட்டிக்காரன், "நீ அவருக்கு வக்கீலா, பொண்ணா?" என்று எழுதினான். அதற்குப் பதினோரு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். அதற்கு மேல் அவள் எதுவும் எழுதவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். குறிப்புக்கு இவ்வளவு, பதில் குறிப்புக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வைத்திருந்தது நான். அந்த ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து எண்ணினேன். எண்ணினேனே தவிர, படிக்கவில்லை. அந்தப் பையனின் வரிக்கும் மதிப்பெண் விழுந்திருக்கிறது.

விஷயம் துறைத் தலைவர் காதுக்குப் போய்விட்டது. "எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒழுங்கா போர்டுல நடத்துங்க" என்கிறார். அழிப்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவள் ஆசிரியை


ஆகஸ்ட் 18

ஆசிரியை அம்மாவுக்கு,

அழிக்காதீர்கள். எனக்கு அனுப்புங்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்று எடுத்தேன். பிறகு யோசித்தேன். இந்தப் பத்து வருஷத்தில் அந்த அறிக்கையை நான் படித்ததே இல்லை. வெளிவந்த அன்று யூனியன்காரர் கடைசிப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டினார். "பணி நீக்கம், ஜெயில் இல்ல, தப்பிச்சோம்" என்றார். அதோடு சரி. பாப்பா எப்போது படித்தாள் என்றும் தெரியாது. பதினைந்து வயசில் ஒரு நூலகத்தில் தேடி எடுத்துப் படித்தாளாம், அவள் அம்மா இப்போதுதான் சொல்கிறாள். பின்னிணைப்பு நாலு அவளுக்கு மனப்பாடமாம்.

எழுபது பக்கம், பின்னிணைப்பு, ஓரத்தில் பிள்ளைகள் எழுதியது, ஒன்று விடாமல் காகிதத்தில் எடுத்து அனுப்புங்கள். குடித்தான் என்று எழுதியதையும் சேர்த்து. நான் குடிப்பதில்லை. ஆனால் படித்தால் செத்துப்போக மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அறுபத்து நான்கு பேரில் யாராவது, வேனில் போன அந்தப் பெண்களைப் பற்றி ஏதாவது எழுதினார்களா? பிஸ்கட் கம்பெனிக்குக் காலை ஷிப்டுக்குப் போனவர்கள். எட்டுப் பெண்கள், ஒரு டிரைவர். தினமும் என் கேட்டில்தான் நிற்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "அண்ணே, சீக்கிரம் தொறங்க, கார்டு அடிக்கணும்" என்று தினம் கத்தும்.

நான் எழுதுவது பாப்பாவுக்குத் தெரியாது. கடிதங்களை மரக்கடை முகவரிக்கு அனுப்புங்கள். கீழே கொடுத்திருக்கிறேன்.

பாப்பாவின் அப்பா


ஆகஸ்ட் 25

மதிப்பிற்குரிய ஐயா,

இத்துடன் எல்லாப் பக்கங்களையும் வைத்திருக்கிறேன். இரண்டு முறை உறையில் போட்டு, இரண்டு முறை வெளியே எடுத்தேன். படித்தால் செத்துப்போக மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நம்பித்தான் அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அந்தப் பெண்களைப் பற்றி ஒரே ஒருத்திதான் எழுதியிருக்கிறாள். உங்கள் மகள். அவர்களுடைய வயதுகளை வரிசையாக எழுதி, வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் விட்டிருக்கிறாள். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

பின்னிணைப்பை இப்போது வகுப்புப் பிரதியில் சேர்த்துவிட்டேன். மதிப்பெண்ணையும் எடுத்துவிட்டேன். எடுத்ததும் பாதிப் பேர் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் பேர் இப்போதுதான் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் வரிசைக்காரன் என்னிடம் வந்து, "மேடம், அவ ஏன் வரல? நான் சும்மா ஜோக்குக்குத்தான் எழுதினேன்" என்றான். முகம் வெளுத்திருந்தது. விஷயம் அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

செப்டம்பர் பதினைந்துக்குள் அவள் வராவிட்டால் வருகை நாள் குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போகும். ஒரு வருஷம் வீண். அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவசரம்தான்.

அவள் ஆசிரியை


செப்டம்பர் 2

ஆசிரியை அம்மாவுக்கு,

ஐந்து நாளாக மதியச் சாப்பாட்டு வேளையில் மரக்கடையின் எடைமேடைக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். மண்டையைப் போட்டுப் பிசைந்துவிட்டது. அரசாங்கத் தமிழ் ஒரு பக்கம், பிள்ளைகள் தமிழ் ஒரு பக்கம். பிள்ளைகள் எழுதியது சீக்கிரம் புரிந்தது.

திட்டியவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒருவன் எழுதியிருக்கிறான், 'இவன் ராத்திரி எப்படித் தூங்குவான்' என்று. நியாயமான கேள்வி. என் மனைவி பத்து வருஷமாக அதையேதான் கேட்கிறாள்.

பாப்பாவின் நாற்பத்தொரு குறிப்பையும் படித்தேன். எனக்கு வக்கீல் வைத்திருந்தால்கூட இப்படி வாதாடியிருக்க மாட்டான். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஐம்பத்தெட்டாம் பக்கத்தில், ரயில் வருகிறது என்று கேட்டுக்குப் போன் செய்ததாக ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லும் வரிக்குப் பக்கத்தில், ஒரு குறிப்பு இருக்கிறது. கடைசி வரிசையில் உட்காருபவனோ என்னவோ, மொத்தமே மூன்று குறிப்புத்தான் எழுதியிருக்கிறான். அதில் ஒன்று இது: 'ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுல பத்து வருஷமா என்ன சொல்லிட்டு இருப்பார்? நான் கூப்பிட்டேன், அந்தாளு சரின்னு சொன்னான்னு. அவர் பொண்டாட்டியாவது நம்பியிருப்பாங்களா?'

இதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. நான் எழுதினேன். பென்சிலில். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டார். மணி அடித்தது. நான் எடுத்தேன்.

போனில் ஒரே இரைச்சல். ஆறு மாதமாகவே அப்படித்தான். நாலு புகார் எழுதியும் ஆள் வரவில்லை. காதில் சரியாக விழவில்லை என்றால் திரும்பக் கேட்க வேண்டும், கேட்டை மூடியே வைக்க வேண்டும். அதுதான் விதி. முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தேன். நாற்பது நிமிஷம் கேட்டை மூடி வைத்தேன் என்று ஜனங்கள் மேலே எழுதிப்போட்டு எனக்கு மெமோ வந்தது. அதற்குப் பிறகு, இரைச்சலுக்குள்ளே யார் என்ன சொன்னாலும் 'சரி, சரி' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். நேரத்தைப் பார்த்து இன்ன ரயில் என்று நானே முடிவு செய்துகொள்வேன். நாலு மாதம் ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்குப் பாசஞ்சர் ரயில் போய்விட்டது. போன் அடித்தது. இரைச்சல். 'சரி' என்றேன். வெளியே ஹாரன் மேல் ஹாரன். அந்தப் பெண் கார்டு அடிக்கணும் என்று கத்தியது. அந்த நேரத்தில் வேறு ரயில் கிடையாது. கேட்டைத் திறந்தேன். அது நேரம் தவறி வந்த சரக்கு ரயில்.

விசாரணையில், போன் அடிக்கவே இல்லை என்று சொன்னேன். யூனியன்காரர் சொல்லச் சொன்னார், ஆனால் சொன்ன வாய் என்னுடையது. என் நாலு புகாரும் நிஜம். அந்த நிஜத்துக்குப் பின்னால்தான் பொய்யை ஒளித்துவைத்தேன். அதனால்தான், 'எவர் கூறுவது உண்மை என்று தீர்மானிக்க இயலவில்லை' என்று எழுதி என்னையும் ஸ்டேஷன் மாஸ்டரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தவர்.

இது என் மனைவிக்குத் தெரியாது. பாப்பாவுக்குத் தெரியாது. உங்களுக்கு ஏன் சொன்னேன் என்றும் தெரியவில்லை. தாளில் ஓரம் காலியாக இருந்தது, எழுதிவிட்டேன்.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் என்னை நம்பித்தான் அங்கே நின்றாள். அதையும் பிடுங்கிவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும்?

பாப்பாவின் அப்பா


செப்டம்பர் 6

ஐயா,

உங்கள் பென்சில் எழுத்து என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறேன். நான் அவளிடம் சொல்ல மாட்டேன். அது என் வேலை அல்ல.

ஆனால் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உதவவும் என்னால் முடியாது. அவளுடைய நாற்பத்தொரு குறிப்பில் ஏழு குறிப்பு ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றியது. 'இவர் பொய் சொல்கிறார்.' 'பதிவேட்டில் பிறகு சேர்த்து எழுதியிருக்கலாம்.' 'தன் தோலைக் காப்பாற்ற ஏழையை மாட்டிவிட்டார்.' படிக்காமலேயே எண்ணி ஏழுக்கும் மதிப்பெண் போட்டது நான். செய்யாத தப்புக்காக ஒரு மனிதரை உங்கள் மகள் என் வகுப்பில் குற்றவாளியாக்கியிருக்கிறாள். அவளுக்கு அது தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். இதை வைத்துக்கொண்டு அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

'என்ன மிஞ்சும்' என்று கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன், அவள் உங்களை நம்பினாள் என்பதைவிட, அந்தப் பக்கங்களை நம்பினாள். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்று சொன்னால், அவள் படிக்காமல் விடுகிற ஆள் இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். தபால் எடுக்கும் நேரம் ஆகிவிட்டது. பதினைந்தாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது.

ஆசிரியை


செப்டம்பர் 11

ஆசிரியை அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் உங்கள்மேல் எரிச்சலாக இருந்தது. இந்த அம்மாவுக்கு என்ன, எழுபது பக்கம் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டு நியாயம் பேசுகிறார் என்று. மூன்றாம் நாள் சாயங்காலம் மரக்கடையிலிருந்து வந்தேன். பாப்பா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மிஷினில். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாப்பா, அன்னிக்கி போன் அடிச்சுது" என்றேன்.

மிஷின் நின்றுவிட்டது. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"என்னிக்கி?"

"அன்னிக்கித்தான். நான் எடுத்தேன். ஒண்ணும் கேக்கல. சரின்னு சொல்லிட்டு வச்சுட்டேன்."

பொத்தான் டப்பாவை மூடினாள். பிறகு, "அப்ப அவர் கூப்ட்டாரா?" என்றாள்.

"கூப்ட்டார்."

"நீங்க சரின்னு சொன்னதும் நெஜமா?"

"நெஜம்."

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "நான் அவரைப் பத்தி என்னல்லாம் எழுதியிருக்கேன் தெரியுமாப்பா?"

"படிச்சேன்" என்றேன்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. "படிச்சிட்டா வந்து சொல்றீங்க? படிக்கலன்னா சொல்லியிருக்கவே மாட்டீங்க, இல்ல?"

உண்மைதானே. "ஆமாம்" என்றேன்.

என் மனைவி மிஷினை விட்டு எழுந்து உள்ளே போனவள் அன்று வெளியே வரவில்லை. மறுநாள் காலை பாப்பா இல்லை. பையும் இல்லை. முதல் பஸ்சில் ஏறியதைப் பெட்டிக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். எங்கே என்று சொல்லவில்லை. தயவுசெய்து பாருங்கள், அங்கே வந்தாளா என்று. வந்திருந்தால் ஒரு வரி. தந்தி போல இரண்டு வார்த்தை போதும்.

பாப்பாவின் அப்பா


செப்டம்பர் 14

ஐயா,

வந்துவிட்டாள். உங்கள் கடிதம் எனக்குக் கிடைக்கும் முன்பே வந்துவிட்டாள். விடுதியில் இருக்கிறாள், சாப்பிடுகிறாள். முதலில் இதைப் படித்து மூச்சு விடுங்கள்.

இன்று காலை முதல் வகுப்பு என்னுடையது. சுவரில் பெரிய திரையில் அறிக்கையைப் போட்டு, எல்லாரும் சேர்ந்து ஐம்பத்தெட்டாம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நேராக வந்து எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். நான் பாட்டுக்கு நடத்தினேன். திரையில் ஒரு புதுக் குறிப்பு விழுந்தது. அவள் பெயர். 'இவர் பொய் சொல்கிறார்' என்று அவளே முன்பு எழுதியதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'நான் எழுதியது தவறு. அவர் கூப்பிட்டார்.'

அடுத்ததற்கும் அப்படியே. அடுத்ததற்கும். ஏழு குறிப்புக்கும் ஏழு முறை. ஒரே வரியை ஒட்டி வைக்கவில்லை, ஒவ்வொன்றையும் தட்டி எழுதினாள். வகுப்பே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய குறிப்புகளை அழிக்கும் வசதி அவளுக்கு இருந்தது. அவள் அழிக்கவில்லை.

முதல் வரிசைக்காரன்தான் கேட்டான், திரும்பி உட்கார்ந்து, மெதுவாக: "அவர் கூப்ட்டார்னு உனக்கு எப்படித் தெரியும்? பின்னிணைப்புலயும் இல்லையே?"

"எங்கப்பா சொன்னார்" என்றாள்.

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக விளங்குவதை நான் பார்த்தேன். அந்தப் பையன் எழுந்து நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. "உக்காருடா, பாடம் நடக்குது" என்று அவள்தான் சொன்னாள்.

ஐயா, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. இந்த வாசிப்பு முறையை இந்தப் பருவத்தோடு நிறுத்தச் சொல்லித் துறைத் தலைவர் எழுத்தில் கொடுத்துவிட்டார். எதிர்த்து எழுதலாம் என்றிருக்கிறேன். ஆனால் அறுபத்து நான்கு பேரை ஒரே தாளின் ஓரத்தில் விட்டுவிட்டு நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். எழுதினால் எடுபடாது. எழுதாமல் இருந்தால் எனக்கே எடுபடாது.

வகுப்பு முடிந்து அவள் என் அறைக்கு வந்தாள். "அப்பா உங்களுக்கு எழுதினாரா மேடம்?" என்றாள். ஆமாம் என்றேன். "அவர் கைப்பட எழுதினது இருந்தா குடுங்க" என்றாள். இழுப்பறைச் சாவி என் கையிலேயே இருந்தது. உங்களைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களைப் பற்றி வேறு எதுவும் கேட்கவில்லை. கோபம் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன்.

அவள் ஆசிரியை


செப்டம்பர் 27

ஆசிரியை அம்மாவுக்கு,

பென்சில் தாளைக் கொடுத்துவிடுங்கள்.

பதில் தாமதமானதற்குக் காரணம், நான் ஊரில் இல்லை. யூனியன்காரரைத் தேடிப்பிடித்து முகவரி வாங்கி, ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். "எதுக்குய்யா பழசக் கிளர்ற?" என்று அவர் சலித்துக்கொண்டார். கொடுத்துவிட்டார்.

நாலு மணி நேரம் பஸ். மாடி வீடு, வெளிப்படி. அவரே கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். பார்த்த உடனேயே தெரிந்துகொண்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே அவர் மனைவி, "யாருங்க?" என்று கேட்டார்.

"சார், நீங்க கூப்ட்டீங்க. நான் சரின்னு சொன்னேன்" என்றேன். நாலு மணி நேரம் பஸ்சில் என்னென்னவோ மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பி, "இங்க வா, இந்தாளு சொல்றதக் கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் மறுபடி சொன்னேன். அந்த அம்மா தன் வீட்டுக்காரர் முகத்தைத்தான் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"சொன்னா ஆச்சா? எழுதிக் குடு" என்றார் அவர்.

படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். அவரே தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார். அரைப் பக்கம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் ஏதோ எழுதினார். போன் வந்த நேரத்தை நான் 'காலை ஏழு பத்துக்கு' என்று எழுதியிருந்தேன். அவர் அதில் ஒரு கோடு போட்டு, 'ஏழு மணி எட்டு நிமிடம்' என்று எழுதியிருந்தார்.

"சரியா எழுது. ஏழு எட்டு" என்றார். "பத்து வருஷமா நான் அதத்தான் சொல்லிட்டு இருக்கேன்."

முதலிலிருந்து மறுபடி எழுதினேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று அவரே சொன்னார், எந்த அலுவலகம், எந்தப் பிரிவு என்று. பத்து வருஷமாக அந்த விலாசம் அவர் வாயிலேயே இருந்திருக்கிறது. ஒரு பிரதி அவரிடம், ஒன்று அனுப்பிவிட்டேன். இதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. கேஸ் போடுவார்களோ, கிடப்பில் போடுவார்களோ. அவருக்காவது ஏதாவது வந்தால் சரி.

மன்னிச்சிடுங்க சார் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை நான். அந்த அம்மாதான் படி இறங்கும்போது, "பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம்" என்றார்.

வீட்டில் என் மனைவி நேற்றுதான் என்னிடம் பேசினாள். ஒரே வார்த்தை. "சாப்டுங்க."

நீங்கள் உங்கள் மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தை எழுதுங்கள். எடுபடாவிட்டாலும் எழுதுங்கள். எனக்கு இதைச் சொல்லும் யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

நான் அங்கே போய்வந்த விஷயத்தைப் பாப்பாவிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இல்லை, வேண்டாம். நானே அவளுக்கு எழுதுகிறேன்.

பாப்பாவின் அப்பா